செவலை நக்கிய ஜீப்

பாவாத்தாள் அம்மா டிபன் டப்பாவைத் திறந்ததும் கடையில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் என் உதிரிபாகக் கடைக்கு யாராவது டப்பாவோடு வந்தால் உள்ளே கச்சாயமோ முறுக்கோ இருக்கும். இந்த டப்பாவுக்குள் பழைய துண்டைக் கிழித்து மெத்தைபோல் மடித்து வைத்திருந்தது. அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துருச்செதில்.

கருஞ்சிவப்பாக, ஏடு ஏடாக இருந்தது. வழியில் உடைந்துவிடக் கூடாதென்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளகோவிலிலிருந்து சிங்காநல்லூர், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரம், மறுபடி ஒரு பஸ் ஏறிக் கணபதி. முழங்கால் வலிக்காரர்.

“ஏனுங் தம்பி, இது என்னன்னு பாருங்க. ஜீப்புக்கு அடியில எண்ணெ சொட்டுதேன்னு குனிஞ்சு கைய வெச்சேன். கையோட வந்துருச்சு.”

“கைய வெச்சதுக்கேவா வந்துருச்சு?”

“அழுத்தக்கூட இல்லீங்க. கொழந்தைக்கு மூக்குத் தொடைக்கற மாதிரித்தான் தொட்டேன்.”

பக்கத்தில் பேரிங் வாங்க நின்ற லாரிக்காரர் ஒருவர், “அம்மா, பாத்தா எள்ளுருண்டையாட்டவே இருக்குதுங்க,” என்றார்.

“வேணும்னா ஒரு விள்ளல் தாரேன் கண்ணு. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

அடுத்து மஞ்சப்பையிலிருந்து மாடு கட்டுகிற கயிறு ஒன்றை எடுத்து மேஜைமேல் நீட்டினார். அங்கங்கே முடிச்சு போட்டிருந்தது. “இந்தக் கோடியில ஒரு சக்கரம், அந்தக் கோடியில ஒரு சக்கரம். இந்த முடிச்சுலயும் இந்த முடிச்சுலயும் பட்டை உக்காருது. இதே அளவுல ஒண்ணு குடுத்தீங்கன்னா இப்பவே எடுத்துட்டுப் போயிருவனுங்க.”

“பஸ்லயா?”

“கண்டக்டரு நம்ம ஊருப் பையந்தானுங்க.”

அவர் கேட்ட பொருளை இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். அதை நான் சொல்லவில்லை. அவர் வருவார் என்பது எனக்கு முந்தின நாளே தெரியும். வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு முன் அந்தப் பொருளைப் பற்றி.

லாரி டிரைவரின் மாமனார்

முன்பு கிளட்சைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், வண்டிச் சாமான்களை வீட்டில் இருப்பவர்களுக்கும் விளங்குகிற மாதிரி எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நியாயமான பேச்சு. நானும் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இங்கிலீஷ் எழுத்துகளைச் சாமான் பெட்டிகளைப் பார்த்துத்தான் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

ஜீப்பின் பின்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக ஓர் இரும்புக் கூடு கிடக்கும். நடுவில் பானை வயிறு, இரண்டு பக்கமும் கையை விரித்த மாதிரி குழாய். வயிற்றுக்குள் பல்சக்கரங்கள், குழாய்களுக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு, எல்லாவற்றுக்கும் எண்ணெய்க் குளியல். இந்தக் கூட்டுக்கு ஆக்சில் ஹவுசிங் என்று பெயர். நாங்கள் ஹவுசிங் என்போம். வண்டியின் பாரமெல்லாம், பட்டை என்று நாங்கள் சொல்லும் ஸ்பிரிங் வழியாக இறங்கி, இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

என்னிடம் சாமான் வாங்கும் லாரி டிரைவர் ஒருவர் ஹவுசிங்கை மாமனார் என்றுதான் சொல்வார். “கண்ணுல படமாட்டாரு, வாயத் தொறக்கமாட்டாரு, பாரம் பூரா அவுரு மேல. படுத்துட்டாருன்னாத்தான் அவுரு இருந்ததே ஊட்ல தெரியும்.” ஆட்கள் போகிற போக்கில் சொல்வதை எல்லாம் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. கடையில் மற்ற சரக்கு விற்றுப்போகும். இந்தச் சரக்கு மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

துருவிலும் வகை இருக்கிறது. ஊட்டி, வால்பாறைப் பக்கத்து வண்டிகளில் மழை நனைந்து நனைந்து மேலாகப் பொடி பூத்திருக்கும். கம்பி பிரஷ் போட்டால் அடியில் நல்ல இரும்பு தெரியும். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியில் வருவது வேறு. இரும்பே ஏடு ஏடாகப் பிரிந்து வீங்கிவிடும், தொட்டால் கையோடு வரும். டப்பாவில் இருந்தது இந்த இரண்டாவது வகை.

வெள்ளகோவிலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் லாரிக்காரர் பேரிங்கைக் கேட்டுவிட்டார். மறந்துபோனேன்.

மகன் கேட்டது

முந்தின நாள் வந்தவர் குமரேசன், பாவாத்தாள் அம்மாவின் ஒரே மகன். கோயமுத்தூரில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். மனைவி, மகளோடு என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி அடுக்குமாடியில் குடியிருக்கிறார். என்னை அண்ணா என்பார்.

“நாளைக்கு அம்மா வருமுங்ணா. ஜீப்புக்கு ஹவுசிங் கேக்கும். கெடைக்காதுன்னு சொல்லிப்போடுங்க.”

“தேடுனாக் கெடைக்குமுங்களே.”

“கெடைக்கும்னு எனக்கும் தெரியுமுங்ணா. அதனாலதான் சொல்றேன்.”

பிறகு நின்றபடியே விவரம் சொன்னார். அப்பா காலமானதிலிருந்து அம்மா தனியாகத்தான் இருக்கிறார். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவர்களுடைய கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிக் கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களுமாக, மாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்திருக்கும் நிலம் அது. மாட்டை ஓட்டி உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் போதும், மேய்க்க ஆள் வேண்டாம். குறை ஒன்றுதான். அவர்களுடைய காட்டுக்குள் தண்ணீர் இல்லை. வீட்டு போர்க்குழாயிலிருந்து ஜீப்பின் பின்னால் தொட்டி வைத்துத் தண்ணீர் கொண்டுபோவார் அம்மா.

ஜீப் ஓட்ட அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வீட்டுக்காரர் இருந்தவரை அவர்தான் ஓட்டினார். அவர் போன பிறகு, தண்ணீருக்கு நேரமானால் மாடுகள் வேலியோரம் வந்து நின்று கத்தும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு நாள் சாவியை எடுத்துவிட்டார். முன் பம்பர் உள்ளே அமுங்கியிருப்பது அந்த முதல் வாரத்து வேலை. “அந்த வெள்வேல மரத்துக்கு இன்னிக்கும் என்ற மேல கோவமுங்க,” என்று பின்னால் ஒரு முறை என்னிடம் சொன்னார். வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே இருக்கும் மண்தடத்தைவிட்டு ஜீப்பை வெளியே எடுத்ததில்லை. தார் ரோட்டில் அது ஓடியே பல வருடம் ஆகியிருக்கும்.

“போன மாசம் பள்ளத்துக்குள்ள வண்டி நின்னுபோச்சுங்ணா,” என்றார் குமரேசன். “நான் இங்கிருந்து போன் மேல போன் அடிக்கறேன், எடுக்கல. பக்கத்துத் தோட்டத்துக்காரரு போய்ப் பாத்தா, ஒரு மரத்தடியில மாட்டோட மாடா உக்காந்திருக்குது. ‘நடக்க முடியல கண்ணு, அதான் உக்காந்துட்டேன்’னு சிரிக்குது. அன்னிக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடல.”

நான் பில் புத்தகத்தை மூடி வைத்தேன். அவர் தொடர்ந்தார்.

“ஜீப்பு ஓடாட்டித் தண்ணி போகாது. தண்ணி போகாட்டி மாட்ட வித்துத்தான் ஆகோணும். மாடு போயிருச்சுன்னா அம்மா இங்க வந்துரும். நான் ஜீப்ப ஒடைங்கன்னு சொல்லலீங்ணா. தானா ஒடஞ்சத அப்படியே வுட்டுருங்கன்னுதான் சொல்றேன்.”

“சரிங்க, பாக்கலாம்,” என்றேன். கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இந்தப் ‘பாக்கலா’முக்குள் ஒன்றுமே கிடையாது.

மறுநாள் அம்மா கயிற்றை நீட்டிக் கேட்டபோது, “தேடிப் பாக்கோணுமுங்கம்மா,” என்று இழுத்தேன்.

அவர் கயிற்றைச் சுருட்டினார். “குமரேசன் வந்தானுங்களா?”

பேசியே பிழைக்கிறவன் என்று எனக்கு இந்தத் தெருவில் பெயர். அந்த நேரத்தில் தராசுத் தட்டில் கிடந்த நட்டுகளை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க,” என்றார் அவர். “ஞாயித்துக்கெழம நம்ம காட்டுக்கு வாங்க. ஒரு மெக்கானிக்கையும் கூட்டிட்டு வாங்க. வண்டியப் பாருங்க. ஆகாதுன்னா மாடுக முன்னாடி நின்னு ஆகாதுன்னு சொல்லிப்போடுங்க. அதுகளுக்குத்தானுங்களே தெரியோணும்.”

டிங், டிங், டொக்

ஞாயிற்றுக்கிழமை குமரேசனின் காரிலேயே போனோம். தீர்ப்பைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். மெக்கானிக் சாதிக் பாய் முன்சீட்டில். கோட்டைமேட்டுக்காரர், கனத்த உடம்பு, வழுக்கைத் தலை, வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலைகளுக்குப் பேர் போனவர். பல்லடம் தாண்டும்வரை தான் எப்படிப்பட்ட வேலைக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். தாண்டின பிறகும் சொன்னார்.

அம்மா அன்று காலையில் ஜீப்பை உருட்டிக்கொண்டு காட்டுக்கே வந்திருந்தார். வெள்வேல மரத்தடியில் நின்றது. ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கும். பின்னால் மூடியில்லாத பிளாஸ்டிக் தொட்டி, அதில் பாதித் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

சாதிக் பாய் சாக்கை விரித்து, சுத்தியலோடு அடியில் நுழைந்தார். வயிற்றுப் பக்கத்தைத் தட்டினார். டிங். கொஞ்சம் தள்ளித் தட்டினார். டிங். பட்டை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் தட்டினார். டொக். சுத்தியலின் முனை உள்ளே இறங்கிவிட்டது. வழிந்த எண்ணெய் பால் ஊற்றின டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

“இதுக்கு எதுக்குங்க ஹவுசிங்கு?” அடியிலிருந்து குரல் வந்தது. “ஒரு தகடு வெச்சு வெல்டு அடிச்சுட்டா இன்னும் பேரன் பேத்தி எடுக்கும்.”

தகடு வைக்க வேண்டுமானால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ள நல்ல இரும்பு வேண்டும். எதுவரை கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத் தட்டிக்கொண்டே போனார். டொக். டொக். ஒரு குழாயில் தொடங்கியவர் வயிற்றைத் தாண்டி அடுத்த குழாயின் கடைசிவரை போனார். அங்கேயும் டொக். சுத்தியலைச் சாக்கின்மேல் வைத்தார்.

“ஒட்டுப் போடோணும்னா சுத்தியும் நல்ல துணி இருக்கோணுமுங்க. இது வேட்டியே ஒட்டாப் போச்சு.”

“பேரன் பேத்தி எடுக்கும்னீங்க பாய்?” என்றேன்.

“கல்யாணமே ஆகலைன்னு இப்பத்தான் தெரியுதுங்க.”

குமரேசன் குரலை அடக்கிக்கொண்டு, “அப்ப ஆகாதுங்களா?” என்று கேட்டார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. காட்டின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோவில் வந்த பாசம்

மாடுகள் தொட்டிக்குப் போகவில்லை. நேராக ஜீப்புக்கு வந்தன. முன்னால் வந்தது ஒரு செவலை. தலையைச் சாய்த்து, கொம்பு இடிக்காமல் லாகவமாக வண்டிக்கு அடியில் நீட்டி, ஹவுசிங் குழாயை நக்கத் தொடங்கியது. இரண்டு நக்கு குழாயில், ஒரு நக்கு சாதிக் பாயின் தலையில்.

“அல்லாவே, இது யாருங்க?”

அம்மாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. “பயப்படாதீங்க பாய். எங்க மாடுகளுக்கு இந்த ஜீப்புன்னா உசுரு. வண்டி வந்து நின்னாப் போதும், கன்னுக்குட்டிய நக்கற மாதிரி நக்கிக் குடுக்கும்.”

குமரேசனின் அப்பா இருந்தபோதே அப்படித்தானாம். அவர் ஜீப்பில் சாய்ந்து நிற்க, ஒரு மாடு பின்பக்கத்தை நக்குகிற போட்டோ இன்றும் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. குமரேசன் தன் செல்போனில் எடுத்த வீடியோ சொந்தக்காரர்களின் எல்லா வாட்ஸப் குழுக்களையும் சுற்றிவிட்டு, யாரோ பாட்டுச் சேர்த்து, வாயில்லா ஜீவனின் பாசம் என்று தலைப்புப் போட்டு, அவருக்கே திரும்ப வந்ததாம். அதை அவரும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். ஜீப்பைக் கழித்துக்கட்ட வந்திருப்பதை ஒரு நிமிடம் மறந்திருந்தார்.

சாதிக் பாய் வெளியே வந்து உட்கார்ந்தார். முகத்தைப் புறங்கையால் துடைத்தார். உதட்டில் ஏதோ பட்டிருக்க வேண்டும், நாக்கை ஒரு தரம் சப்பினார். ஹவுசிங்கை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, உங்க மாடு ஜீப்பக் கொஞ்சலீங்க. திங்குது.”

“என்ன பாய் சொல்றீங்க?”

“உப்புங்க. தொட்டுப் பாருங்க.”

குமரேசன் குனிந்து தொட்டு நாக்கில் வைத்தார். நான் வைத்தேன். கடைசியாக அம்மாவும். வழியில் போகிறவர்கள் யாராவது கிளுவை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்திருந்தால், நாலு பெரியவர்கள் ஒரு ஜீப்பைச் சுற்றி நின்று ருசி பார்ப்பதைக் கண்டிருப்பார்கள்.

போர்த் தண்ணீர் உப்பு. அந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான், மாடுகள் குடித்துப் பழகிவிட்டன. மூடியில்லாத தொட்டி ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் தளும்பும். ஜீப்பின் தரைத் தகட்டில் ஓட்டை. தளும்பின தண்ணீர் அதன் வழியாக நேரே ஹவுசிங்கின் மேல் விழும். ஓடிச் சூடான இரும்பில் தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு நின்றுவிடும். மாடு வந்து நக்கும். பெயிண்ட் போகும், இரும்பு மறுபடி ஈரமாகும். இது வருடக்கணக்காக நடந்திருக்கிறது. டப்பாவைப் பார்த்தபோது எனக்குத் தோன்றி மறந்துபோன கடல், இந்தத் தொட்டிக்குள் இருந்தது.

அம்மா மெதுவாகச் சொன்னார். “வெள்ளிக்கெழம தவறாம நல்லா ஓஸ் புடிச்சு அடியெல்லாம் கழுவறனுங்களே. கழுவித்தான் பொட்டு வெப்பேன். ஒரு வாரம் வுட்டதில்லீங்களே.”

“எந்தத் தண்ணீலீங்கம்மா?” என்று கேட்டார் சாதிக் பாய். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்த மாதிரி சுத்தியலைத் துடைத்தார்.

“அப்ப மாடு பாதி, நான் பாதி,” என்றார் அம்மா.

பைப்பு

குமரேசன்தான் முதலில் பேசினார். “பாய், புது ஹவுசிங் போட்டாலும் இதே கதைதானுங்களா?”

“தண்ணி இதே தண்ணின்னா கதையும் இதே கதைதானுங்க.”

அவர் கேட்க வந்த தீர்ப்பு கிடைத்துவிட்டது. இனி ஒரு வாக்கியம்தான் பாக்கி. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன், அவர் அதைச் சொல்லட்டும் என்று. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் படியில் உட்கார்ந்தார்.

ஆனால் குமரேசன் தொட்டியைப் பார்த்தார். திரும்பி, வேலிக்கு மேலே தூரத்தில் தெரிந்த மோட்டார் ரூம் கூரையைப் பார்த்தார். ஒரு கண்ணைச் சுருக்கி, கையை மட்டமாக நீட்டி, இரண்டுக்கும் நடுவில் மேடு எவ்வளவு என்று பார்த்தார். பம்புசெட் விற்கிறவர் வேறு எப்படிப் பார்ப்பார்?

“மேடு பெருசா இல்ல. பைப்புப் போட்டுட்டாத் தண்ணி இங்கயே வந்துரும். தொட்டி கட்டி, நெறஞ்சா தானா நிக்கற மாதிரி வால்வு வெச்சுத் தாரேன். இந்த ஜீப்பே வேண்டியதில்ல.”

ஜீப்பை ஒழிக்கத்தான் சொன்னார். ஆனால் தண்ணீருக்கு வழி சொன்னவர் அதற்கப்புறம் மாட்டை விற்கச் சொல்ல முடியாது. அது அவருக்கு உடனே உறைக்கவில்லை. அம்மாவுக்கு உறைத்துவிட்டது.

“தண்ணி பைப்புல வந்துரும் கண்ணு,” என்றார். “நான் எதுல வாரது?”

குமரேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் கை முழங்காலில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். செவலை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது.

“போன் அடிச்சா எடுக்கோணுமும்மா,” என்றார் குமரேசன். “வேற ஒண்ணும் கேக்கல.”

“எடுக்கறன் சாமி.”

“எடுக்கறேன் எடுக்கறேங்கறீங்க, எடுக்கறதில்ல.”

“இனி எடுக்கறேன்.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “இப்பச் சொல்லுங்க தம்பி. ஹவுசிங் கெடைக்குமா, கெடைக்காதா?”

நான் குமரேசனைப் பார்த்தேன். அவர் வேலியைப் பார்த்தபடி, “கெடைக்குமுங்ணா. சொல்லுங்க,” என்றார்.

ஊறுகாய் வாங்கின கதை

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் பாதியை நானும் சாதிக் பாயும் அடுத்த சில நாட்களில் அலசிவிட்டோம். ஹவுசிங்குகள் கிடைத்தன, ஆனால் ஒன்றில் குழாய் நீளம், ஒன்றில் பட்டை உட்காரும் இடம் தள்ளி. ஜீப்பை அளந்துகொண்டு வர நாங்கள் இரண்டு பேருமே மறந்துபோனதால், அம்மாவின் கயிற்றை வைத்தே பார்த்தோம். கடைசியில் கிடைத்தது தேயிலைத் தோட்டத்து ஜீப் ஒன்றிலிருந்து இறங்கியது. மேலெல்லாம் பொடித் துரு, கம்பி பிரஷ் போட்டதும் உள்ளே வெள்ளையாக இரும்பு. ஆனால் கயிற்றைவிட ஒரு விரல் நீளம். சாதிக் பாய் போன் போட்டு, “அம்மா, உங்க கயிறு பொய் சொல்லுதுங்க,” என்றார்.

“ஈரமா இருந்தப்ப அளந்தனுங்க பாய். காஞ்சு மாறியிருக்கும். அதுகூடவா சண்ட புடிப்பீங்க?”

பக்கத்துத் தோட்டத்துக்காரரை டேப்போடு அனுப்பி அளக்கச் சொன்னோம். ஹவுசிங் சரி, கயிறுதான் தப்பு. சாதிக் பாய் ஹவுசிங்கைச் சுற்றித் தட்டினார், எல்லா இடத்திலும் டிங். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

கடைக்காரர் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டார். “என்ன பாய், இரும்பு வாங்கறீங்களா, ஊறுகா வாங்கறீங்களா?”

மாட்டுகிற அன்று குமரேசன் லீவு போட்டு வந்திருந்தார். பைப் பள்ளம் தோண்டி, குழாய் பதித்து, தொட்டிக்கு வால்வு வைத்து எல்லாம் அந்த வாரத்திலேயே முடித்திருந்தார். வீட்டு வாசலில் கட்டைகள் மேல் ஜீப்பை நிறுத்தினோம். பட்டையைக் கட்டியிருந்த போல்ட்டுகள் துருவில் ஒன்றாகிப்போனதால், கேஸ் வைத்து வெட்டித்தான் எடுக்க முடிந்தது. பழைய ஹவுசிங்கை நான்கு பேர் பிடித்துக் கீழே இறக்கினோம். தரையில் வைத்ததும், ஒருவரும் தட்டாமலே, ஒரு பக்கக் குழாய் வயிற்றிலிருந்து பிரிந்து உருண்டுபோய் நின்றது.

குமரேசன் அதை வெகு நேரம் பார்த்தார். “இத வெச்சுக்கிட்டுத்தான் அன்னிக்குப் பள்ளம் தாண்டி வந்தீங்களாம்மா?”

“மெதுவாத்தான் கண்ணு வந்தேன்.”

சாதிக் பாய் உருண்ட குழாயைக் காலால் ஓரம் தள்ளினார். எனக்கு லாரி டிரைவரின் மாமனார் நினைவுக்கு வந்தார்.

பல்சக்கரங்களைக் கழுவிப் புதுக் கூட்டுக்குள் வைத்து, ஆயில் சீல்களை மாற்றி, மண் அடைத்திருந்த மூச்சுத் துளையைத் திறந்துவிட்டு, பிரைமரும் மேலே கனமாகக் கறுப்பு பெயிண்டும் அடித்தார்கள். தரைத் தகட்டின் ஓட்டையை அடைத்தாயிற்று. பின்னாலிருந்த தொட்டி வீட்டுக் கொல்லைக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமைக் கழுவலைப் பற்றி மட்டும் சாதிக் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“பொட்டு மட்டும் வெச்சாப் போதுமுங்கம்மா. ஓஸ் வேண்டாமுங்க.”

“ஈரத்துணியில தொடைக்கலாமுங்களா?”

“மழத்தண்ணி புடிச்சு வெச்சிருந்தீங்கன்னாத் தொடைங்க.”

“புடிச்சுக்கறேன்,” என்றார் அம்மா, உடனே.

தொட்டிக்குப் பக்கத்தில்

பெயிண்ட் காய்ந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் ஜீப்பிலேயே காட்டுக்குப் போனோம். அம்மாதான் ஓட்டினார். சக்கர நட்டுகளை வெயிலில் நின்று தானே முறுக்கியதில் குமரேசனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கை வரை கையைச் சுருட்டிவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் இறங்கும்போது டாஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொண்டார். ஏறின பிறகும் விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் காதுக்கு ஹவுசிங்கிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. சாதிக் பாய் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

புதுத் தொட்டியில் தண்ணீர் நிறைந்து, வால்வு தானாக நின்றிருந்தது. அம்மா பக்கத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். மாடுகள் வழக்கம்போல் வந்தன, வழக்கம்போல் செவலை முன்னால். தலையைச் சாய்த்து அடியில் நீட்டியது. மோந்தது. புது பெயிண்ட் வாசம் பிடிக்காமல் மூக்கால் ஒரு தரம் ஊதியது. தலையை வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“பாத்தீங்களா தம்பி,” என்றார் அம்மா என்னிடம். “இத்தன நாளும் பாசம்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

“வுடுங்கம்மா,” என்றார் சாதிக் பாய். “என்ற சம்சாரத்தோட பாசத்த நான் இன்னும் நாக்குல வெச்சுப் பாக்காம இருக்கறது அதுக்குத்தான்.”

அம்மா சிரித்தார். குமரேசனும் சிரித்தபடி இறங்கி, பானெட்டில் சாய்ந்து நின்றார். அவர் கையில் வியர்வை காய்ந்து வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. செவலை ஜீப்பைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தது. அவர் கையை மோந்தது. பிறகு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு நக்கு நக்கியது.

மாட்டு நாக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கும். பழக்கமில்லாதவர்கள் இழுத்துக்கொள்வார்கள். அவரும் முதலில் இழுக்கத்தான் பார்த்தார்.

அவர் பாக்கெட்டில் போன் அடித்தது.

“போன் அடிக்குது கண்ணு,” என்றார் அம்மா. “எடு.”

அவர் எடுக்கவில்லை. செவலை ஒரு கையை முடித்ததும் அடுத்த கையை நீட்டினார்.